ஈரத்துணியில் சுற்றிய சுவடிக்கட்டு

பச்சையம்மாள் வெற்றிலையை எண்ணிப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு ஓட்டம் ஓடும், அவ்வளவுதான், கவுளிக்கு நூறு இலை கச்சிதமாக இருக்கும். ஈரத்தில் ஒன்றோடொன்று அப்பிக்கொண்ட கொழுந்து இலைகூட அவள் விரல் பட்டால் கீறல் விழாமல் பிரிந்து வரும். திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் முப்பது வருஷம் வெற்றிலை விற்ற விரல்கள்!

அந்த விரல்களைப் பார்த்துத்தான் சைலஜா அவளை வேலைக்குக் கூப்பிட்டாள். முப்பது வயதுப் பெண். பழைய ஓலைச்சுவடிகளைப் பாதுகாப்பது எப்படி என்று படித்துவிட்டு வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகள், கீழே சுவடி அறை. வீடு வீடாகப் போய்ச் சுவடிகளை வாங்கி வந்து, தூசி தட்டி, எண்ணெய் தடவி, ஏடு ஏடாகப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. ஒருநாள் வீட்டு விசேஷத்துக்கு வெற்றிலை வாங்க வந்தவள், கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இந்த ரெண்டு எலைய எப்படிக் கிழியாம பிரிச்சீங்க?"

"எப்படின்னா? பிரிச்சேன்."

"என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா?"

பச்சையம்மாள் சிரித்தாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லையில் வளர்ந்தவள், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த மறுவாரமே மாமியாரின் வெற்றிலைக் கூடை மடிக்கு வந்தது. ஐம்பது வயது முடிந்தபோது முழங்கால் ரெண்டும் தரையில் உட்காராதே என்று மிரட்டிக்கொண்டிருந்தன. சைலஜா நாற்காலி தருவதாகச் சொன்னாள். கடையை நாத்தனார் பொன்னியிடம் ஒப்படைத்துவிட்டுத் தை மாதத்தில் நாற்காலிக்குப் போனாள் பச்சையம்மாள்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த ஓலையெல்லாம் எத்தினி நாளு தாங்கும் மேடம்?"

"நல்லா பாத்துக்கிட்டா முந்நூறு வருஷம் தாங்கும்கா."

"எங்க சரக்கு மூணு நாளு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் சடையனிடம் இதைத்தான் முதலில் சொன்னாள். "முந்நூறு வருஷத்து சரக்குய்யா! அழுகவே அழுகாதாம்." சடையன் திரும்பிப் பார்க்காமலே, "அப்ப கெடுக்கறதுக்கு ஆளு வேணும்னுதான் உன்ன கூப்ட்டிருக்காங்க" என்றான். அந்தக் கேலி பின்னால் அவளை முள்ளாகக் குத்தப்போகிறது என்று அப்போது ரெண்டு பேருக்கும் தெரியாது.

வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் கறாரானது. ஈரக்கையோடு ஏட்டைத் தொடக்கூடாது. பச்சையம்மாள் அதைச் சாமி சந்நிதிச் சுத்தம் மாதிரிக் காப்பாற்றினாள். கை கழுவி, துண்டில் துடைத்து, ஃபேனுக்குக் கீழே ரெண்டு நிமிஷம் விரித்துக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள்.

பங்குனியில் வந்தது அந்தக் கட்டு. கொண்டுவந்தவர் குஞ்சிதபாதம் குருக்கள், அண்ணாமலையார் கோயிலில் பரம்பரையாகப் பூஜை செய்கிற குடும்பம். சிவப்புப் பட்டுத்துணியைப் பிரித்தால் உள்ளே ஒரு முழ நீளத்துக்குச் செங்கல் ஒன்று இருந்தது. செங்கல் இல்லை, சுவடிதான். ஆனால் ஏடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போயிருந்தன.

காரணத்தை அவரே சொன்னார். "வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு எடுத்து வைப்போம். சந்தனம் குழைச்சு மேல பூசி, குங்குமம் வெச்சு, தீர்த்தம் தெளிச்சு, மறுபடி பட்டுல சுத்திப் பெட்டில வெச்சுடுவோம். பிரிக்கற வழக்கமே கிடையாது. எழுபது வருஷமா இதான்."

எழுபது வருஷத்துச் சந்தனமும் தீர்த்தமும்! பக்தியாலேயே ஒரு சுவடி கல்லாகியிருந்தது. குருக்கள் வீட்டில் இருந்த ஒரே சுவடி அதுதான். மற்றதெல்லாம் எந்தக் காலத்திலோ கரையான் வாய்க்குப் போய்விட்டன.

சைலஜா ரெண்டு மாதம் மல்லுக்கட்டினாள். எண்ணெய் வைத்தாள், மூங்கில் பட்டையை நுழைத்தாள். ஓரம் நொறுங்கியதே தவிர ஒரு ஏடும் எழும்பவில்லை. சென்னைக்கு அனுப்பினால் பெரிய கருவிகள் இருக்கின்றன, முயன்று பார்க்கலாம் என்றாள். குருக்கள் ஒப்பவில்லை.

"இது மலை தெரியற எடத்த விட்டுப் போகக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்கார். முடியலேன்னா விடும்மா. சேதமான விக்கிரகத்தையே நாங்க ஜலத்துலதான் விடறது. ஆடிப்பெருக்குக்கு மணலூர்ப்பேட்டைக்குக் கொண்டுபோய் தென்பெண்ணையில விட்டுடறேன்."

வருகிற திங்கள்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சைலஜா சித்தப்பா பெண் கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பினாள். கிளம்பும்போது, "கட்ட பத்திரமா பெட்டில எடுத்து வெச்சிடுங்கக்கா" என்றவள், வாசல் வரை போய்த் திரும்பி வந்து அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தத் தொடுதல் பச்சையம்மாளை என்னவோ செய்தது. செத்த வீட்டில் கடைசியாக முகம் பார்ப்பது மாதிரி இருந்தது அது.

சனிக்கிழமை. கத்திரி வெயில் கூரையைப் பிளந்தது. ஏசி ஓடி ஓடி அறைக்காற்று காய்ந்து கிடந்தது. சுவரில் இருந்த ஈரப்பத மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. குறைந்தது ஐம்பது இருக்கவேண்டும். பச்சையம்மாள் சுவடிக்கட்டைப் பெட்டியில் வைக்கத் தூக்கினாள். விரல் நுனியில் அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். நகமளவு ஓலைத்துண்டு மேஜையில் விழுந்தது.

"ஐயோ, காஞ்சு போச்சே!"

அதற்குப் பிறகு மூளை வேலை செய்யவில்லை. முப்பது வருஷத்துக் கை வேலை செய்தது. காய்கிற இலைக்கு என்ன செய்வார்கள்? குளிர்ச்சி காட்டுவார்கள். வெற்றிலையில் நேராகத் தண்ணீர் பட்டால் கறுத்துவிடும். அதனால் முதலில் காய்ந்த வாழைச்சருகு, அதற்கு வெளியே ஈரச்சாக்கு. இங்கே சருகு ஏது? பட்டுத்துணியை உருவிவிட்டு, சலவை செய்த வெள்ளைத்துணியை ரெண்டு மடிப்பாகச் சுற்றினாள். ஒரு துண்டை நனைத்து முறுக்கிப் பிழிந்து, அதற்கு மேலே சுற்றினாள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்து ஃபேனுக்குக் கீழே காட்டிக்கொண்டாள். கைதான் ஈரமாக இருக்கக்கூடாது!

"போற எடத்துக்குப் போற வரைக்குமாவது குளிர்ச்சியா இரு சாமி" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

ஞாயிறு காலை பொன்னிக்கு ஒத்தாசை செய்யலாம் என்று தேரடித் தெருவுக்குப் போனாள். பொன்னி ஒரு கூடையைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொழகொழவென்று கறுத்த இலைகள் மொத்தமாக விழுந்தன. அந்த வாடை!

"இன்னாடி ஆச்சு?"

"வெள்ளிக்கிழம மூடி வெச்சேன் அண்ணி. நேத்து கொழந்தைக்கு ஜொரம், கடைக்கே வரல. இந்த வெயிலுக்குத் திருப்பிப் போடாம உட்டா அழுகாம என்னா பண்ணும்? உனக்குத் தெரியாததா?"

உனக்குத் தெரியாததா!

பச்சையம்மாளுக்குக் காலுக்குக் கீழே தேரடி நழுவியது. நேற்று மத்தியானம் மூடி வைத்தாள். நாளைக் காலைதான் திறப்பார்கள். திருப்பிப் போட ஆள் இல்லை. அது வெற்றிலையும் இல்லை, மூன்று நாளில் புதுக்கட்டு வந்து இறங்குவதற்கு. அழுகினால் அழுகியதுதான். முந்நூறு வருஷச் சரக்கைக் கெடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னானே படுபாவி, வாய் பலித்துவிட்டதே!

போன் போட்டாள். சைலஜா எடுக்கவில்லை. முகூர்த்த நேரம், மேளச்சத்தத்தில் எங்கே கேட்கும்? நாலு முறை போட்டுவிட்டு, சடையனை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்குப் பறந்தாள். வாசலில் வாட்ச்மேன் காசி தினசரியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெழமகூட வூட்ல உக்கார முடியலையா? மாமா அடிச்சித் தொரத்திட்டாரா?"

"காசி, சாவிய குடுடா."

"மேடம் சொல்லாம குடுக்க மாட்டேன். உனக்குத் தெரியும் இல்ல?"

தெரியும். அவளும் அந்தச் சட்டத்தை மதிப்பவள்தான். படியில் உட்கார்ந்தாள். உள்ளே பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், பெட்டிக்குள் என்ன நடக்கிறதோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடையன் வாங்கி வந்த டீ ஆறிப்போனது.

பத்து மணிக்கு போன் அடித்தது.

"என்னக்கா, இத்தனை மிஸ்டு கால்?"

நல்ல வேளையாக வழியிலேயே சொல்லும் வார்த்தையை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "மேடம், குருக்களு கட்ட நானே ஈரத்துணில சுத்தி வெச்சிட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"அக்கா... ஈரத்துணியா? ஏட்டு மேலயா?"

"மேல இல்ல மேடம். உள்ள காஞ்ச துணி ரெண்டு மடிப்பு. அதுக்கு வெளியதான் ஈரம். வெத்தலைக்கு அப்படித்தான்..."

"எப்ப வெச்சீங்க?"

"நேத்து ஒரு மணிக்கு."

சைலஜா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "கேளுங்க. யாரும் தொறக்கக் கூடாது. திடீர்னு காஞ்ச காத்து பட்டா ஏடு முறுக்கிக்கும். காசிகிட்ட குடுங்க, உள்ள போயி ஏசிய மட்டும் நிறுத்தச் சொல்றேன். நான் பஸ் ஏறுறேன்."

"சாப்பாடு சாப்ட்டு வாங்க மேடம்."

"அக்கா!"

கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பட்டுப்புடவையோடு பஸ் ஏறியிருந்தாள் சைலஜா. பன்னிரண்டரைக்கு, திண்டிவனம் என்று செய்தி வந்தது. ஒன்றே காலுக்கு, செஞ்சி. ஒவ்வொரு ஊரின் பெயரையும் சடையன் வாய்விட்டுப் படித்துக் காட்டினான். காலையிலிருந்து ஒரு கேலிகூடச் செய்யவில்லை அவன். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு சைலஜாவின் செய்திக்குப் பதிலாக ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. குஞ்சிதபாதம் குருக்கள்!

"என்னம்மா, இன்னிக்கும் தொறந்திருக்கேளா? நல்லதாப் போச்சு. நாளைலேர்ந்து கோயில்ல என்னோட முறை, நகர முடியாது. அதான் இன்னிக்கே எடுத்துண்டு போயிடலாம்னு வந்தேன்."

காசி வாயைத் திறந்தான். "சாமி, மேடம் வந்துக்கினே இருக்காங்க, அது வந்து..." என்று ஏதோ பொய்க்கு அடிபோட்டான். பச்சையம்மாள் எழுந்து நின்றாள்.

"சாமி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். வெற்றிலை, ஈரத்துண்டு, மூடிய பெட்டி, அழுகிய கூடை. குருக்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எப்படியும் ஜலத்துல விடறதாத்தானே இருந்தேன்?" என்றார்.

"நீங்க விட்றது வேற சாமி. அது சாமி காரியம். நான் பண்ணது கெடுத்தது."

அவர் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தார். "வரட்டும். பாத்துட்டே போறேன்."

ரெண்டே முக்காலுக்கு சைலஜா வந்து இறங்கினாள். தலையில் வாடிய மல்லிகை, கையில் மருதாணி. நேராகப் போய்க் கதவைத் திறந்து, ஜன்னல்களைச் சாத்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பெட்டியை மேஜைக்கு நடுவில் வைத்தாள். மூடியின் ஓரத்தை விரலளவு தூக்கினாள்.

அவ்வளவுதான். பச்சையம்மாள் மூக்கு முந்திக்கொண்டது. அழுகல் வாடையை உலகத்தில் அவளுக்கு முன்னால் கண்டுபிடிக்கக்கூடியவர் யாரும் இல்லை. இழுத்து முகர்ந்தாள். பழைய ஓலை. சந்தனம். மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசம்.

"அழுவல" என்றாள். "மேடம், அழுவல!"

"இருங்கக்கா, பாப்போம்."

ஈரத்துண்டு, வெள்ளைத்துணி ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. கட்டு வெளியே வந்தது. ஏடுகளைத் தாங்கும் அடிப்பக்க மரச்சட்டத்தில் மட்டும் வெள்ளையாக லேசான பூசணம். சைலஜா மெல்லிய மூங்கில் பட்டையை எடுத்து ஒரு மூலையில் வைத்தாள். வைத்த பட்டையை எடுத்துவிட்டாள்.

"நீங்க பண்ணுங்கக்கா."

"நானா? பண்ணதெல்லாம் போதாதா?"

"உங்க வெரலுக்குத்தான் தெரியும். வாங்க."

பச்சையம்மாள் கையைத் துடைத்தாள். ஃபேனுக்குக் கீழே விரித்துக் காட்டினாள், பழக்கம் விடுமா? பிறகு கட்டைவிரலை மூலையில் வைத்து, ஆள்காட்டி விரலை அடியில் கொடுத்து, இழுக்காமல், வெறுமனே கேட்டாள். ஆமாம், கேட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். வர்றியா என்று.

வந்தது.

எழுபது வருஷத்துக்குப் பிறகு முதல் ஏடு தன் கூட்டத்தைவிட்டு எழுந்தது. கீறல் இல்லை. அடியில் வரிவரியாக எழுத்து! கட்டைவிரல் நகர்ந்தது. ரெண்டாவது ஏடு. மூன்றாவது. குருக்கள் வாயை மேல்துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். காசி வாசலிலிருந்து, "வருதா? வருதாக்கா?" என்று கத்தினான். பத்தாவது ஏட்டில் பச்சையம்மாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். சைலஜா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். முகக்கவசம் நனைந்துபோயிற்று.

"சென்னையில பெரிய மெஷின்ல இதத்தான்கா பண்ணுவாங்க. ஓலைல தண்ணி படாம ஈரக்காத்து மட்டும் குடுத்து, ஒட்டினத எளக்குவாங்க. அளவு தெரியாம பண்ணினா பூசணம் புடிச்சு எல்லாம் போயிடும்னு எனக்குத்தான் தைரியம் வரல. நாளைக்கு வரைக்கும் உட்டிருந்தீங்கன்னா நெஜமாவே போயிருக்கும்."

"அளவு என்னா மேடம் அளவு, வெத்தல அளவுதான்."

"எழுபது வருஷம் நாங்க தீர்த்தம் தெளிச்சு ஒட்ட வெச்சோம்" என்றார் குருக்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவ ஒரு நாள்ல ஈரத்துணி சுத்திப் பிரிச்சுட்டா."

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நாற்பத்தேழு ஏடுகள் பிரிந்து, உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் படுத்திருந்தன. அடியில் இருந்த ரெண்டு ஏட்டில் மட்டும் எழுத்து அழிந்திருந்தது. சனிக்கிழமை உடைந்த நகமளவுத் துண்டு ஒரு சின்ன உறையில் பத்திரமாக இருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு சொல்லும்மா" என்று குருக்கள் அவசரப்பட்டார். "பூஜை பண்ற முறை சொல்ற பத்ததிதானே?"

சைலஜா ஒரு ஏட்டில் விளக்குக்கரியைத் தடவித் துடைத்தாள். எழுத்து கறுப்பாக எழுந்தது. புள்ளியில்லாத பழைய எழுத்தை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "பசுவுக்கு... வயிறு... ஊதினால்... வெற்றிலை பத்து... மிளகு பத்து... உப்பு..."

"என் சரக்கு!" என்று கத்தினாள் பச்சையம்மாள். "எங்கூர்ல இன்னிக்கும் மாட்டுக்கு இதான் அரைச்சுக் குடுப்பாங்க!"

குருக்கள் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "மாட்டு வைத்தியமா! எழுபது வருஷமா மாட்டு வைத்தியத்துக்கா சந்தனம் பூசினோம்? எங்க கொள்ளுத்தாத்தா வீட்ல எட்டு பசு இருந்ததுன்னு சொல்வா. இப்பத்தான் புரியறது." சிரிப்பு அடங்கியதும் ஏடுகளைப் பார்த்துக் கைகூப்பினார். "இங்கேயே இருக்கட்டும்மா. இங்கேர்ந்தும் மலை தெரியறதே. ஆத்தங்கரைக்கெல்லாம் வேண்டாம். சரஸ்வதி பூஜைக்கு நானே இங்க வரேன். சந்தனம் கொண்டுவரமாட்டேன், பயப்படாதே."

அவர் கிளம்பிப் போனதும் சைலஜா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். "அக்கா, இனிமே என்னைக் கேக்காம எதுவும் பண்ணக்கூடாது."

"கேட்டிருந்தா வேணாம்னுதான சொல்லியிருப்பீங்க?"

"ஆமா."

"அப்புறம்?"

சைலஜா பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தாள். "சரி, சொல்லுங்க. உள்துணி எத்தனை மடிப்பு? துண்ட எவ்ளோ பிழியணும்? இன்னும் எத்தனை வீட்ல இந்த மாதிரி செங்கல் கெடக்குதோ."

"அத எப்படி எழுதறது? பாத்துக்கோங்க."

பச்சையம்மாள் எழுந்துபோய் ஒரு துண்டை வாளியில் முக்கி எடுத்து வந்தாள். பாதி மடித்து, இடது கை உள்பக்கமாக, வலது கை வெளிப்பக்கமாக, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். வாளிக்குள் தண்ணீர் கொட்டியது, சொட்டியது, நின்றது. பிறகு வாளியை விட்டு நகர்ந்து, துண்டை மேஜைக்குப் பக்கத்தில் உயரத் தூக்கி உதறிக் காட்டினாள். தரையில் ஒரு துளிகூட விழவில்லை.

"இவ்ளோதான்" என்றாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யோவ், காலையில இருந்து ஒண்ணும் துண்ணல. மேடமும் கல்யாண சாப்பாட்ட உட்டுட்டு வந்திருக்காங்க. எதனா வாங்கினு வாய்யா!"

"வாங்கினு வர்றேன்" என்று சடையன் ஆட்டோவைக் கிளப்பினான். "ஆனா ஈரத்துணில சுத்தி வெச்சிடாதே, சூடா துண்ணணும்!"

கேலி திரும்பிவிட்டது. பச்சையம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது.